கிரிமினாலஜி பிஎச்டி: கையில ரெண்டு மூணு ஆஃபர் இருந்தா எதை எடுக்கறது?

மார்ச் மாசம் பொறந்தா போதும், எனக்கு மெசேஜ் வர ஆரம்பிச்சிரும். "அக்கா, ரெண்டு எடத்துல கெடச்சிருக்கு, ஒண்ணு ரேங்க்ல மேல இருக்கு, இன்னொண்ணுல பணம் ஜாஸ்தி, எதுக்குக்கா போறது?" பெரும்பாலும் மெட்ராஸ் யுனிவர்சிட்டிலயோ திருநெல்வேலி மனோன்மணியம் சுந்தரனார்லயோ கிரிமினாலஜி (குற்றவியல்) எம்.ஏ. முடிச்ச பசங்க. வீட்ல யாரும் பிஎச்டி பக்கம் போனதில்ல, கேக்கறதுக்கும் ஆள் இல்ல. ஒவ்வொருத்தருக்கும் ராத்திரி உக்காந்து தனித்தனியா டைப் பண்றதுக்கு, மொத்தமா இங்கயே எழுதிடறேன். அமெரிக்க பிஎச்டிய மனசுல வெச்சுதான் சொல்றேன், பிரிட்டன் பத்தி கடைசில கொஞ்சம் இருக்கு.

முதல்ல ஒரு விஷயம். எல்லாரும் முதல் வருஷத்த பாத்துதான் முடிவு எடுக்கறாங்க. முதல் வருஷம் எல்லா எடத்துலயும் நல்லாத்தான் இருக்கும், ஃபெல்லோஷிப் குடுப்பாங்க, வரவேற்பு டின்னர் இருக்கும், புரொபசர் ஆசையா மெயில் போடுவார். நீங்க பாக்க வேண்டியது மூணாவது வருஷம். கோர்ஸ்வொர்க் முடிஞ்சிருக்கும், காம்ப்ஸ்ங்கற தகுதிப் பரீட்சை தலைக்கு மேல நிக்கும், டிசர்டேஷனுக்கு, அதாவது பிஎச்டி தீசிஸுக்கு, டேட்டா கைல இருக்காது, ஆரம்பத்துல குடுத்த ஸ்பெஷல் பணம் தீந்துருக்கும். அந்த நேரத்துல யார் உங்க கூட நிப்பாங்க, சம்பளம் எங்கருந்து வரும்ங்கறதுதான் கேள்வி. கீழ சொல்றது எல்லாமே அந்த ஒரு கேள்விக்கு பதில் தேடுற வழிதான்.

இத நான் பட்டுத்தான் தெரிஞ்சுக்கிட்டேன். ஒரே ஒரு புரொபசர நம்பி ஒரு எடத்துக்குப் போனேன், அவரோட பேப்பர் எல்லாத்தையும் எம்.ஏ.லயே அண்டர்லைன் போட்டு படிச்சிருந்தேன். ரெண்டாவது வருஷம் ஸ்பிரிங்ல கூப்பிட்டு, வேற யுனிவர்சிட்டிக்கு போறேன்னு சொன்னார், கூட்டிட்டு போற அளவுக்கு அங்க அவருக்கு பண்ட் இல்ல. அந்த டிபார்ட்மெண்ட்ல என் டாபிக்க தொடுற இன்னொரு ஆள் கிடையாது. எட்டு மாசம் அட்வைசர் இல்லாம இருந்தேன், கடைசில டாபிக்கையே மாத்துனேன். அவர் மேல எனக்கு கோவம் இல்ல, அமெரிக்காவுல புரொபசருங்க எடம் மாறுறது சகஜம், ரிட்டையர் ஆவாங்க, டீன் ஆயிடுவாங்க, சபாட்டிக்கல் போவாங்க. அதனால விதி இதுதான்: உங்க டாபிக்ல தீசிஸ் கமிட்டில உக்காரக்கூடிய ஆளுங்க ஒரு டிபார்ட்மெண்ட்ல குறைஞ்சது மூணு பேராவது இருக்கணும், அதுல ஒருத்தராவது டென்யூர், அதாவது நிரந்தர வேலை, வாங்கின நடு வயசு ஆளா இருக்கணும். ஒருத்தர் மட்டும்தான் இருக்கார்னா அந்த ஆஃபர பத்து தடவ யோசிங்க, அவர் எவ்ளோ பெரிய ஆளா இருந்தாலும் சரி.

சரி, இப்ப ஆஃபர் லெட்டர பிரிண்ட் எடுங்க. ஃபோன்ல படிக்காதீங்க, பேப்பர்ல பேனா வெச்சு படிங்க. எத்தன வருஷத்துக்கு பணம்னு எழுதியிருக்குனு பாருங்க, நாலா, அஞ்சா, இல்ல "முதல் வருஷத்துக்கு, அப்புறம் புதுப்பிக்கப்படலாம்"னு இருக்கா. "படலாம்"னு வர்ற ஒவ்வொரு எடத்தையும் வட்டம் போடுங்க. படிப்பு திருப்தியா இருந்தா, நிதி இருந்தா தொடரும்னு ஒரு வரி அனேகமா எல்லா லெட்டர்லயும் இருக்கும், அதப் பாத்து பயப்பட வேணாம், ஆனா கிராஜுவேட் டைரக்டருக்கு மெயில் போட்டு கேளுங்க, "கடந்த அஞ்சு வருஷத்துல ஒழுங்கா படிச்சிட்டிருந்த ஒரு ஸ்டூடண்டுக்காவது பணம் நிறுத்தியிருக்கீங்களா"ன்னு. நல்ல டிபார்ட்மெண்ட் நேரா "இல்ல"ன்னு ஒரே வார்த்தைல பதில் போடும். சுத்தி வளைச்சு ரெண்டு பாரா வந்தா அதுவே உங்களுக்கு பதில்.

அடுத்து பணம் எங்கருந்து வருதுன்னு பாருங்க. டீச்சிங் அசிஸ்டென்ட்ஷிப்னா டிபார்ட்மெண்ட் காசு, ஓரளவு நிலையானது. ரிசர்ச் அசிஸ்டென்ட்ஷிப்னா பல நேரம் புரொபசரோட கிராண்ட், நம்ம ஃபீல்டுல அது பெரும்பாலும் நேஷனல் இன்ஸ்டிடியூட் ஆஃப் ஜஸ்டிஸ் மாதிரி நீதித்துறை பக்கத்துலருந்து வர்ற காசு. 2025 ஏப்ரல்ல அமெரிக்க நீதித்துறை, ஓடிட்டிருந்த நூத்துக்கணக்கான கிராண்ட்கள நடுவுலயே நிறுத்துச்சு. அதனால ஆர்.ஏ. ஆஃபர் வந்தா, "இந்த கிராண்ட் நின்னு போனா டிபார்ட்மெண்ட் என்ன டீச்சிங்ல எடுத்துக்குமா"ன்னு கேட்டு எழுத்துல வாங்கிடுங்க. ஜூம்ல சிரிச்சிக்கிட்டே "கவலப்படாதீங்க"ன்னு சொன்னது கணக்குல வராது.

கூட்டல் கழித்தல் ஒண்ணு போட்டு காட்றேன், நம்பர் எல்லாம் உதாரணத்துக்குதான். முதல் ஆஃபர் பெரிய சிட்டி, வருஷத்துக்கு 34,000 டாலர். ரெண்டாவது ஒரு சின்ன ஊரு, ஒம்போது மாசத்துக்கு 23,000. பாத்த உடனே கை முதல் ஆஃபர் பக்கம்தான் போகும். பெரிய சிட்டில ஷேரிங்ல ஒரு ரூமுக்கு மாசம் 1,500னா வருஷம் 18,000 போச்சு, டியூஷன் வேய்வர்ல (படிப்புக் கட்டணத் தள்ளுபடி) சேராத ஃபீஸ்னு ஒரு 2,600, மிச்சம் 13,400. சின்ன ஊர்ல ரூம் 550, வருஷத்துக்கு 6,600, ஃபீஸ் ஒரு ஆயிரம், மிச்சம் 15,400. இப்ப சின்ன ஊரு ரெண்டாயிரம் டாலர் முன்னாடி நிக்குது. ஆனா அங்க பஸ் கிடையாதுன்னா ஒரு பழைய கார் வாங்கணும், இன்சூரன்ஸ், பெட்ரோல்னு சேந்தா அந்த ரெண்டாயிரம் சத்தமில்லாம காலியாயிரும். சம்மர் மூணு மாசம் சம்பளமும் வராது, அந்த வாடகை மேல போட்ட கணக்குல சேந்துதான் இருக்கு, ஆனா அதுக்கான காச முன்னாடியே எடுத்து வெக்கணும். இந்த கணக்க ஒவ்வொரு ஆஃபருக்கும் நீங்களே போடுங்க, எம்.ஐ.டி.யோட லிவிங் வேஜ் கால்குலேட்டர்ல கவுண்ட்டி பேர போட்டா அந்த ஊர்ல ஒரு ஆள் பொழைக்க எவ்ளோ வேணும்னு வந்துரும்.

கணக்குல பலர் விடுறது சிலது இருக்கு. ஹெல்த் இன்சூரன்ஸ் யார் கட்றாங்க, முழுசாவா பாதியா. டெக்சாஸ், ஃபுளோரிடால மாநில வருமான வரி இல்ல, அதனால ஹன்ட்ஸ்வில் சாம் ஹூஸ்டன் ஸ்டேட்லயோ டலஹாசி ஃபுளோரிடா ஸ்டேட்லயோ கிடைச்சா கைக்கு வர்ற காசு கொஞ்சம் கூடும். எஃப்-1ங்கற ஸ்டூடண்ட் விசாவுல இருக்கிறவங்களுக்கு முதல் அஞ்சு காலண்டர் வருஷம் சோஷியல் செக்யூரிட்டி பிடித்தம் இல்ல. நம்ம நாட்டுக்காரங்களுக்கு இந்தியா-அமெரிக்கா வரி ஒப்பந்தத்தோட 21வது பிரிவுப்படி ஸ்டாண்டர்ட் டிடக்ஷன் (வருமானத்துல ஒரு தொகைய வரி போடாம கழிச்சுக்கறது) கிடைக்கும், இது மத்த நாட்டு ஸ்டூடண்ட்ஸ் பெரும்பாலானவங்களுக்கு கிடையாது, ரிட்டர்ன் போடும்போது மறந்துறாதீங்க. வேலை செய்யாம வர்ற ஃபெல்லோஷிப் பணம்னா 14 சதவீதம் முன்னாடியே பிடிச்சிட்டு குடுக்கலாம், அதனால முதல் மாச செக் எதிர்பாத்தத விட கம்மியா வந்தா பதறாதீங்க.

கலிஃபோர்னியா யுனிவர்சிட்டி சிஸ்டம், உதாரணத்துக்கு இர்வைன், கிடைச்சவங்க ஒரு விஷயத்த தனியா கேக்கணும். வெளி ஆளுங்களுக்கு அங்க கூடுதல் டியூஷன் ஒண்ணு இருக்கு, வருஷத்துக்கு 15,000 டாலருக்கு மேல. அமெரிக்க ஸ்டூடண்ட்ஸ் வேற மாநிலத்துலருந்து வந்தாலும் ஒரு வருஷத்துல கலிஃபோர்னியாவாசி ஆயிடலாம், நாம எஃப்-1ல இருக்கிற வரைக்கும் ஆக முடியாது. கேண்டிடசிக்கு (தீசிஸ் மட்டும் பாக்கி இருக்கற கட்டம்) முன்னேறின பிறகு மூணு வருஷம் வரைக்கும் அந்த தொகைய எடுத்துடறாங்க, ஆனா அதுக்கு முன்னாடி ரெண்டாவது மூணாவது வருஷத்துக்கு யார் கட்டுவா? லெட்டர்ல இல்லன்னா கேட்டு வாங்குங்க. அதே நேரம் 2022ல அங்க 48,000 பேர் செஞ்ச ஸ்ட்ரைக்குக்கு அப்புறம் சம்பளம் நல்லாவே ஏறிச்சு, அதையும் சேத்து பாருங்க. ஃபிலடெல்ஃபியா டெம்பிள் யுனிவர்சிட்டில 2023ல கிராஜுவேட் ஸ்டூடண்ட்ஸ் 42 நாள் ஸ்ட்ரைக் பண்ணாங்க, நடுவுல நிர்வாகம் ஸ்ட்ரைக்ல இருந்தவங்களோட இன்சூரன்ஸையும் டியூஷன் சலுகையையும் நிறுத்திச்சு. யூனியன் இருக்கா, கான்ட்ராக்ட் எந்த வருஷம் முடியுதுன்னு கேக்கறது தப்பே இல்ல.

கல்யாணம் ஆனவங்க கவனிங்க. எஃப்-2ங்கற குடும்ப விசாவுல வர்ற கணவனோ மனைவியோ அமெரிக்காவுல வேலை பாக்க முடியாது. நமக்கும் செமஸ்டர் ஓடும்போது வாரத்துக்கு 20 மணி நேரம்தான், அத அசிஸ்டென்ட்ஷிப்பே முழுங்கிரும், வெளில சைடு வேலைக்கு வழி இல்ல. ஒரு ஸ்டைபெண்ட்ல ரெண்டு பேர், குழந்தைன்னா மூணு பேர், இன்சூரன்ஸ் குடும்பத்துக்கும் சேருமான்னு கேக்காம கையெழுத்து போடாதீங்க.

இனி ஸ்டூடண்ட்ஸ்கிட்ட பேசறது, என்னப் பொறுத்தவரைக்கும் இருக்கறதுலயே முக்கியமான வேலை இதுதான். டிபார்ட்மெண்ட் அவங்களா அறிமுகப்படுத்துற ரெண்டு பேர்ட்ட பேசுங்க, ஆனா அதோட நிறுத்தாதீங்க. வெப்சைட்ல ஸ்டூடண்ட் லிஸ்ட் இருக்கும், அதுல மூணாவது நாலாவது வருஷம் யாருன்னு பாத்து, வெளிநாட்டு ஸ்டூடண்ட் ஒருத்தர் இருந்தா நல்லது, நேரா மெயில் போடுங்க. "சந்தோஷமா இருக்கீங்களா"ன்னு கேட்டா எல்லாரும் ஆமான்னுதான் சொல்வாங்க. நான் பசங்களுக்கு ஒரே ஒரு கேள்விய சொல்லி அனுப்புவேன்: போன சம்மர் என்ன பண்ணீங்க? போன வருஷம் ஒரு தம்பி ரெண்டு டிபார்ட்மெண்ட்ல இத கேட்டான். ஒரு பொண்ணு டக்குனு சொல்லிச்சு, அட்வைசரோட ஒரு பேப்பர் முடிச்சோம், சம்மர் ஃபண்டிங் மூவாயிரம் வந்துச்சு, ரெண்டு வாரம் ஊருக்கு போயிட்டு வந்தேன்னு. இன்னொரு எடத்துல அந்தப் பையன் கொஞ்ச நேரம் பேசவே இல்லயாம், அப்புறம் மெதுவா, ஃபிரெண்டு வீட்டு சோஃபால மூணு மாசம் படுத்திருந்தேன், சேமிப்பு எல்லாம் போச்சுன்னான். அந்த ரெண்டாவது எடம்தான் ரேங்க்ல மேல இருந்துச்சு. தம்பி முதல் எடத்துக்கு போயிட்டான்.

அதே கால்ல இன்னும் நாலு கேளுங்க. உங்க கூட சேந்தவங்க எத்தன பேரு, இப்ப எத்தன பேரு இருக்கீங்க? காம்ப்ஸ்ல ஃபெயில் ஆனா ரெண்டாவது சான்ஸ் இருக்கா? அட்வைசர் டிராஃப்ட் திருப்பி குடுக்க எத்தன நாள் எடுக்கறார்? நவம்பர்ல நடக்கற அமெரிக்கன் சொசைட்டி ஆஃப் கிரிமினாலஜி மாநாட்டுக்கு காசு யார் குடுத்தா? 2023ல ஃபிலடெல்ஃபியா, 2024ல சான் ஃபிரான்சிஸ்கோ, 2025ல வாஷிங்டன்னு பெரிய சிட்டிகள்லதான் நடக்குது, டிக்கெட்டும் ஹோட்டலும் நம்ம கைக்காசுன்னா ஒரு மாச சம்பளம் போயிரும். ஆனா வேலை தேடுற வருஷத்துல அங்க போகாம இருக்கவும் முடியாது.

அப்புறம் டிபார்ட்மெண்டோட குணம். கிரிமினாலஜின்னு ஒரே பேர் இருந்தாலும் உள்ள வேற வேற கட. ஆல்பனிதான் 1968ல ஆரம்பிச்ச பழைய ஸ்கூல், கிரிமினல் ஜஸ்டிஸ்ல பிஎச்டி குடுக்கற வழக்கமே அங்கருந்துதான் வந்துச்சு. மேரிலாண்ட் நம்பர் பக்கம் கனம், உலக தீவிரவாத சம்பவங்களோட டேட்டாபேஸ் வளந்ததும் அங்கதான். சின்சினாட்டின்னா சிறை, சீர்திருத்தம், கைதியோட ரிஸ்க் அளக்கற டூல், ஒஹையோ மாநிலத்துக்கே அங்கருந்துதான் அந்த டூல் போச்சு. ஜார்ஜ் மேசன்ல டேவிட் வைஸ்பர்டோட ஹாட் ஸ்பாட் போலிசிங், அதாவது குற்றம் குவியற எடத்துல போலீஸ நிறுத்தறது பத்தின வேலை. டெம்பிள்ல ஜெர்ரி ராட்கிளிஃப் குரூப் 2009 சம்மர்ல ஃபிலடெல்ஃபியால 60 எடத்துல போலீஸ்காரங்கள நடந்து ரோந்து போக விட்டு சோதனை பண்ணாங்க. ரட்கர்ஸ் நூவர்க்ல குற்றம் நடக்கற சூழ்நிலைய மாத்தி தடுக்கற சிந்தனை. இர்வைன் சட்டமும் சமூகமும்ங்கற பக்கம் சாயும், தியரி, நேர்காணல் எல்லாத்துக்கும் எடம் உண்டு. மிசூரி செயின்ட் லூயிஸ்ல தெருவுல இறங்கி, தொழில்ல இருக்கிற 105 வீடு புகுந்து திருடுறவங்கள பேட்டி எடுத்த பரம்பரை. நீங்க மதுரை ஜெயில் பெண் கைதிங்கள பேட்டி எடுத்து தீசிஸ் பண்ணனும்னு நெனச்சிட்டு, எல்லாரும் ரிக்ரெஷன்னு புள்ளிவிவரக் கணக்கு ஓட்டற எடத்துக்கு போனா மூணாவது வருஷம் கமிட்டிக்கு ஆள் தேடி அலைவீங்க. வெப்சைட்ல "ஆர்வம்"னு எழுதியிருக்கறத நம்பாதீங்க, கடைசியா வந்த பத்து டிசர்டேஷன் தலைப்ப எடுத்து படிங்க, அந்த ஊர்ல என்ன விளையுதுன்னு தெரிஞ்சிரும்.

டேட்டா விஷயத்த யாரும் நம்மகிட்ட முன்கூட்டியே சொல்றதில்ல, அதனால கொஞ்சம் நீட்டியே சொல்றேன். நம்ம ஃபீல்டுல நல்ல டேட்டா எல்லாம் பூட்டுக்குள்ள இருக்கு. கைதிங்கள ஆய்வு பண்ணனும்னா எதிக்ஸ் கமிட்டில தனி விதி, கைதிக்குன்னே கூடுதல் பாதுகாப்பு, மாசக்கணக்குல இழுக்கும். போலீஸ் டிபார்ட்மெண்டோட குற்றப் பதிவுகள தொடணும்னா விரல் ரேகை, பின்னணி சோதனை. நாடு முழுக்க எடுக்கற குற்றப் பாதிப்பு சர்வேல ஊர் விவரத்தோட இருக்கற ரகசிய டேட்டாவ சென்சஸ் பியூரோ ரிசர்ச் டேட்டா சென்டர்லதான் பாக்கலாம், அதுக்கு உறுதிமொழி எடுத்த அந்தஸ்து வேணும், அது கிடைக்க கடந்த அஞ்சு வருஷத்துல மூணு வருஷமாவது அமெரிக்காவுல இருந்திருக்கணும். அதாவது வந்த உடனே நீங்க அத தொடவே முடியாது. அதனால அட்வைசர்ட்ட நேரா கேளுங்க: "உங்ககிட்ட ஏற்கனவே ஒப்பந்தம் போட்ட டேட்டா எது, அதுல வெளிநாட்டு ஸ்டூடண்ட் யாராவது வேலை செஞ்சிருக்காங்களா?" சிறைத்துறையோட கையெழுத்தான ஒப்பந்தம் ஒருத்தர்ட்ட இருக்குன்னா அது உங்களுக்கு ஒரு வருஷத்த மிச்சம் பண்ணும், ரெண்டாயிரம் டாலர் ஸ்டைபெண்ட் வித்தியாசத்த விட எனக்கு அதுதான் பெருசு.

ரேங்க் பத்தி சுருக்கமா. யூ.எஸ். நியூஸ் லிஸ்ட், டிபார்ட்மெண்ட் ஆளுங்க ஒருத்தருக்கொருத்தர் போடுற மார்க், அவ்ளோதான். பெரிய ரிசர்ச் யுனிவர்சிட்டில புரொபசர் ஆகணும்னா பேருக்கு மதிப்பு உண்டு, மறுக்கல. அஞ்சு எடம் மேல கீழங்கறதுக்கு அர்த்தம் இல்ல. அதுக்கு பதிலா போன ஆறேழு வருஷம் முடிச்சவங்க எங்க வேலைக்கு போனாங்கன்னு லிஸ்ட் கேளுங்க. குடுக்கத் தயங்குனா லிங்க்டின்ல நீங்களே தேடுங்க.

விசா பக்கம் இன்னொண்ணு. படிப்பு முடிஞ்ச பிறகு வேலை அனுமதி ஓ.பி.டி. 12 மாசம்தான், ஸ்டெம்னு (அறிவியல், தொழில்நுட்பம், இன்ஜினியரிங், கணக்கு) வகைப்படுத்தின கோர்ஸுன்னா மேல 24 மாசம். கிரிமினாலஜியோட வழக்கமான கோடு (படிப்போட வகை எண்) ஸ்டெம் லிஸ்ட்ல இல்ல. விசாவுக்காக யுனிவர்சிட்டி குடுக்கற ஐ-20 ஃபார்ம்ல என்ன கோடு வரும்னு இன்டர்நேஷனல் ஆபீஸ்ல கேளுங்க. எடுக்கற பாடத்த வெச்சு ஸ்டாடிஸ்டிக்ஸ் மாதிரி கூடவே ஒரு மாஸ்டர்ஸ் வாங்க முடியுமான்னும் விசாரிங்க.

பிடிச்ச எடத்துல பணம் கம்மின்னா கேளுங்க, கேக்கறதால யாரும் ஆஃபர திருப்பி எடுத்துக்க மாட்டாங்க. நம்ம பசங்களுக்கு இதுலதான் கூச்சம், குடுத்ததே பெருசு, போய் இன்னும் கேக்கறதான்னு. டைரக்டருக்கு ஒரு சின்ன மெயில்: உங்க எடம்தான் எனக்கு முதல் விருப்பம், இன்னொரு எடத்துல இவ்ளோ குடுக்கறாங்க, லெட்டர் இணைச்சிருக்கேன், ஏதாவது செய்ய முடியுமா. ஸ்டைபெண்ட ஏத்த முடியலன்னா வேற ஏதாவது கேளுங்க, முதல் ரெண்டு சம்மர் பணம், ஃபீஸ் தள்ளுபடி, எடம் மாறுற செலவு, ஒரு வருஷம் டீச்சிங் இல்லாத ஃபெல்லோஷிப். மொத்தமா ஒரே தடவ கேளுங்க, துண்டு துண்டா கேட்டா எரிச்சல் வரும். முதல் விருப்பம்னு சும்மா எழுதாதீங்க, அவங்க ஏத்துக் குடுத்தா நீங்க போகணும். நம்ம ஃபீல்டு சின்னது, அடுத்த நவம்பர்ல அதே டைரக்டர லிஃப்ட்ல பாப்பீங்க.

தேதி ஏப்ரல் 15. கவுன்சில் ஆஃப் கிராஜுவேட் ஸ்கூல்ஸ் தீர்மானத்துல கையெழுத்து போட்ட யுனிவர்சிட்டி, பணத்தோட குடுத்த ஆஃபருக்கு அதுக்கு முன்னாடி பதில் சொல்லுன்னு உங்கள கட்டாயப்படுத்தக் கூடாது. லிஸ்ட் அவங்க வெப்சைட்ல இருக்கு. மார்ச் 20க்குள்ள முடிவு சொல்லுன்னு யாராவது நெருக்குனா, மரியாதையா அந்த தீர்மானத்த ஞாபகப்படுத்துங்க. பணம் இல்லாத வெறும் அட்மிஷனுக்கு இது பொருந்தாது. பிரிட்டன் யுனிவர்சிட்டிகள் இதுல இல்ல. அங்க படிப்பு மூணு நாலு வருஷத்துல முடியும், கோர்ஸ்வொர்க் குறைவு, முதல் நாளே தலைப்பு கைல இருக்கணும், அட்மிஷன் லெட்டர் ஒரு பக்கம் வரும், ஸ்காலர்ஷிப் முடிவு வேற பக்கம் வரும். ரெண்டாவது வர்ற வரைக்கும் முதல்ல வந்தத ஆஃபர்னு கணக்குல எடுக்காதீங்க. விசாவோட வருஷத்துக்கு 776 பவுண்ட் ஹெல்த் சர்சார்ஜும் முன்னாடியே கட்டணும்.

பணமே இல்லாத பிஎச்டி ஆஃபர் மட்டும்தான் கைல இருக்குன்னா, போகாதீங்க. வீட்ட அடமானம் வெச்சு கிரிமினாலஜி பிஎச்டி பண்ணாதீங்க, முடிச்சு வர்ற சம்பளத்துல அந்த கடன் அடைய ரொம்ப வருஷம் ஆகும். ஒரு வருஷம் இங்கயே ஒரு ரிசர்ச் புராஜெக்ட்ல சேந்து, ஒரு பேப்பர் போட்டு, மறுபடி அப்ளை பண்ணுங்க. அப்படி ரெண்டாவது தடவ போட்டு முழு பணத்தோட போன ரெண்டு பேர எனக்கு நேர்ல தெரியும்.

முடிவு எடுத்துட்டா அன்னிக்கே மத்த எடங்களுக்கு வேண்டாம்னு மெயில் போட்டுருங்க. உங்க ஆஃபர நீங்க பிடிச்சு வெச்சிருக்கற ஒவ்வொரு நாளும் வெயிட்லிஸ்ட்ல ஒரு புள்ள இன்பாக்ஸ ரெஃப்ரெஷ் பண்ணிட்டு இருக்கு. உங்களுக்காக நேரம் செலவழிச்ச புரொபசருக்கு தனியா நாலு வரி, ஏன் வரலன்னு விளக்கம் வேணாம், நன்றி போதும். அப்புறம் ஏத்துக்கிட்ட எடத்துல ஐ-20க்கு பாஸ்போர்ட் காப்பி அனுப்பிட்டு, லெட்டர்ல இருக்கற தொகையும் ஐ-20ல வர்ற தொகையும் ஒண்ணா இருக்கான்னு ஒத்துப் பாருங்க, வித்தியாசம் இருந்தா விசா இன்டர்வியூ தேதி போடறதுக்கு முன்னாடியே திருத்தி வாங்கிடுங்க.